தென்னாப்பிரிக்காவில் ஆக்குபேஷனல் தெரபிஸ்டாகப் பதிவு செய்துகொள்வது எப்படி?

நோய், காயம், குறைபாடு உள்ளவர்கள் அன்றாட வேலைகளைத் தாங்களே செய்ய உதவும் சிகிச்சையாளரே ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். தென்னாப்பிரிக்காவில் இப்பணியைச் செய்யப் பட்டம் மட்டும் போதாது. 1974ஆம் ஆண்டின் 56ஆம் எண் சுகாதாரத் தொழில்கள் சட்டத்தின்படி, பிரிட்டோரியாவிலுள்ள சுகாதாரத் தொழில்கள் மன்றத்தின் பதிவேட்டில் பெயர் ஏறாமல் இத்தொழிலைச் செய்வது குற்றமாகும்.

பதிவு மாணவப் பருவத்திலேயே தொடங்கிவிடுகிறது. டர்பனில் குவாஸூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் நான்காண்டுப் படிப்பில் சேரும், டர்பனின் புறநகர்களான சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸைச் சேர்ந்த நம் பிள்ளைகளும் முதலில் மாணவர் பிரிவில்தான் பதிவாகிறார்கள். படிப்பு முடிந்ததும் அரசு மருத்துவ நிலையமொன்றில் ஓராண்டு சமூக சேவை செய்ய வேண்டும். 2003 முதல் இது கட்டாயம். இதற்கென்று தனிப் பதிவுப் பிரிவு உண்டு.

மிகவும் கவனமாக இருக்க வேண்டிய கட்டம் இதற்கு அடுத்ததுதான். சேவை ஆண்டு முடிந்ததாலேயே பெயர் சுயேச்சைப் பணிக்கான பிரிவுக்குத் தானாக மாறிவிடாது. சேவையை நிறைவு செய்ததற்கான சான்றுடன் நீங்களே விண்ணப்பித்து, மாற்றம் பதிவேட்டில் உறுதியான பிறகே தனியாக கிளினிக் நடத்தலாம். ஆகவே சேவையின் கடைசி மாதங்களிலேயே தாள்களைத் திரட்டத் தொடங்குங்கள். நகல்களைக் காவல் நிலையத்தில் சான்றொப்பமிட்டு வாங்கும்போது, ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை, கையொப்பம், தேதி மூன்றும் தெளிவாக விழுந்திருக்கின்றனவா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். நம் குடும்பங்களில் ஒரே பெயரை ஆங்கிலத்தில் பல விதமாக எழுதும் வழக்கம் இருப்பதால், அடையாள அட்டையிலும் பட்டச் சான்றிதழிலும் எழுத்துகள் ஒத்திருக்கின்றனவா என்பதையும் சரிபாருங்கள். திருமணத்துக்குப் பின் குடும்பப் பெயர் மாறியிருந்தால் திருமணச் சான்றிதழின் நகலையும் இணையுங்கள்.

ஆண்டுக் கட்டணத்தை ஏப்ரல் 1க்குள் செலுத்த வேண்டும். தவறினால் பதிவு இடைநிறுத்தப்படலாம், அந்நிலையில் சிகிச்சை அளிக்கவும் கூடாது. பணியில் இருந்தபடியே அறிவைப் புதுப்பிக்கும் தொடர்கல்விக்கு ஆண்டுக்கு 30 புள்ளிகள் தேவை. அவற்றில் 5 நெறிமுறை, மனித உரிமை, சுகாதாரச் சட்டம் ஆகியவை சார்ந்திருக்க வேண்டும். இந்த ஐந்தைத்தான் பலரும் கடைசிவரை தள்ளிப்போடுகிறார்கள். ஆண்டின் தொடக்கத்திலேயே முடித்துவிடுவது நல்லது.

மருத்துவக் காப்புத் திட்டங்களிடம் கட்டணம் கோருவதற்கான எண் (பிராக்டிஸ் நம்பர்) வேறு; அதைத் தனியே பெற வேண்டும். தொழில்முறைச் சங்கத்தில் உறுப்பினராவது பயனுள்ளது என்றாலும், அது மன்றப் பதிவுக்கு ஈடாகாது.

பிள்ளையைச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்லும் பெற்றோரும் மன்றத்தின் இணையப் பதிவேடான ஐ-ரெஜிஸ்டரில் சிகிச்சையாளரின் பெயரைத் தேடி, பதிவு நடப்பில் உள்ளதா, எந்தப் பிரிவில் உள்ளது என்று பார்த்துக்கொள்ளலாம்.