சருகு தள்ள பேட்டரி ப்ளோயர்: பெட்டியில் எந்த எண்ணைப் பார்த்து வாங்குவது?

எங்கள் வீட்டு வாசலில் ஒரு வேம்பு, பக்கத்து வீட்டில் ஒரு புங்கை, பின்கட்டில் ஒரு நாட்டு வாதாம். மாசி பிறந்தால் போதும், மூன்றும் பேசி வைத்ததுபோல் கொட்டத் தொடங்கிவிடும். காலையில் பெருக்கிய வாசல் பத்து மணிக்கெல்லாம் பெருக்காத வாசலாகிவிடும். பொறுக்க முடியாமல் ஒருநாள் இணையத்தில் ஒரு பேட்டரி ப்ளோயர் வாங்கினேன். பெட்டியில் கொட்டை எழுத்தில் '198விஎஃப்' என்று போட்டிருந்தது. 198 வோல்ட்டாக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். வேப்பஞ்சருகு கொஞ்சம் நகர்ந்தது. வாதாம் இலை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டது. எட்டு நிமிடத்தில் பேட்டரியும் தீர்ந்தது.

இரண்டாவது முறை வாங்கும்போது கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்து வாங்கினேன். அந்தக் கணக்குதான் இந்தப் பதிவு. ஐந்தாம் வகுப்புப் பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

படி 1: கடைக்குப் போகும் முன் வாசலுக்குப் போங்கள்

என்ன இலை, எந்தத் தரை, எவ்வளவு இடம் என்ற மூன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். வேப்பஞ்சருகு இலேசானது. டைல்ஸிலும் கடப்பா கல்லிலும் சின்னக் காற்றுக்கே ஓடிவிடும். அதுவே ஜல்லி போட்ட தரை என்றால் கல்லுக்குள் செருகிக்கொண்டு வராது. வாதாம் இலை பெரிது, தடிமன். காய்ந்தால் கப்பல்போல் சறுக்கிப் போகும். ஈரமானால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். மண் தரையில் இலையைவிட முதலில் கிளம்புவது புழுதிதான். முழுக்க மண் முற்றம் என்றால் ப்ளோயரே வேண்டாம், தென்னந்துடைப்பம்தான் சரி.

ஐப்பசி, கார்த்திகையில் மழையில் ஊறிக் கிடக்கும் சருகை அள்ளத்தான் ப்ளோயர் தேடுகிறீர்கள் என்றாலும் யோசியுங்கள். வீட்டு உபயோக பேட்டரி ப்ளோயர்கள் பெரும்பாலும் அங்கே திணறும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். போர்ட்டிகோவில் பிளக் பாயிண்ட் இருக்கிறது, வாசலும் பத்துக்குப் பத்து அடிதான் என்றால் ஒயர் வைத்த ப்ளோயரே போதும். விலை குறைவு, சார்ஜ் தீரும் பிரச்சினையும் கிடையாது. நீளமான காம்பவுண்டு, மொட்டைமாடி, தெருவோரம் என்று அலைய வேண்டியவர்களுக்குத்தான் பேட்டரி.

படி 2: இரண்டு வகை உண்டு, குழப்பிக்கொள்ளாதீர்கள்

கடையில் 'ப்ளோயர்' என்று கேட்டால் பெரும்பாலும் கையில் எடுத்துக் கொடுப்பது டஸ்ட் ப்ளோயர். குட்டையான உடம்பு, கட்டைவிரல் பருமனில் ஒரு மூக்கு. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் தூசி, ஏசி வெளி யூனிட், பட்டறையில் மரத்தூள், கார் கதவிடுக்கில் நிற்கும் தண்ணீர் இவற்றுக்கெல்லாம் அருமையான கருவி.

சருகுக்கு என்று செய்தது வேறு. நீளமான, அகலமான குழாய் இருக்கும், வாய் முஷ்டி அளவாவது இருக்கும். நின்றபடி பிடித்தால் குழாயின் முனை தரைக்கு ஓரடி மேலே வரும். நான் முதலில் வாங்கியது முதல் வகை. அதன் மேல் தப்பே இல்லை, வாங்கியவன் மேல்தான் தப்பு.

படி 3: வேகத்தை மட்டும் பார்க்காதீர்கள், காற்றின் அளவைப் பாருங்கள்

இந்தப் பதிவில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

பெட்டியில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று காற்றின் வேகம்: மணிக்குக் கிலோமீட்டர், மணிக்கு மைல், அல்லது நொடிக்கு மீட்டர். இன்னொன்று காற்றின் அளவு: நிமிடத்துக்கு எத்தனை கன மீட்டர், அல்லது எத்தனை கன அடி. கன அடிக் கணக்கைத்தான் சிஎஃப்எம் என்று போடுவார்கள்.

வேகம் பார்க்க மிரட்டலாக இருப்பதால் விளம்பரத்தில் அதுதான் பெரிதாக வரும். ஆனால் வாயைக் குவித்து ஊதினாலும் காற்று வேகமாகத்தான் வருகிறது. அதனால் ஒரு மெழுகுவத்தி அணையும், ஒரு கூடை சருகு நகருமா? சருகை நகர்த்த நிறையக் காற்று வேண்டும், அதுவும் ஓரளவு வேகத்தோடு வேண்டும்.

உண்மையான இரண்டு மாடல்களை வைத்துப் பார்ப்போம். இரண்டுமே 18 வோல்ட் பேட்டரியில் ஓடுபவை. பாஷ் ஜிபிஎல் 18வி-120 கைக்கடக்கமான டஸ்ட் ப்ளோயர். வேகம் மணிக்கு 270 கி.மீ., அதாவது நொடிக்கு 75 மீட்டர். காற்றின் அளவு நிமிடத்துக்கு 2 கன மீட்டர். பெயரில் இருக்கும் 120 அதைத்தான் சொல்கிறது, மணிக்கு 120 கன மீட்டர். மகிடா டியூபி184 நீளக் குழாய் வைத்த தோட்ட ப்ளோயர். வேகம் நொடிக்கு 52 மீட்டர்தான், மணிக்கு சுமார் 187 கி.மீ. ஆனால் காற்று நிமிடத்துக்கு 13 கன மீட்டர்.

வேகத்தை மட்டும் பார்த்தால் பாஷ்தான் பலசாலி. இப்போது இந்தச் சின்ன வாய்ப்பாட்டைப் போடுங்கள்:

காற்றின் அளவு (நிமிடத்துக்குக் கன மீட்டர்) × வேகம் (நொடிக்கு மீட்டர்) ÷ 50

ஒரு கன மீட்டர் காற்று சுமார் 1.2 கிலோ எடை. நிமிடத்தை நொடியாக்க 60-ஆல் வகுக்க வேண்டும். இந்த 1.2-ஐ 60-ஆல் வகுத்தால் ஐம்பதில் ஒரு பங்கு வருகிறது, அந்த 50 வந்தது அப்படித்தான். விடை நியூட்டனில் வரும், அதாவது காற்று தள்ளும் விசை.

பாஷுக்கு: 2 × 75 ÷ 50 = 3.
மகிடாவுக்கு: 13 × 52 ÷ 50 = 13.5.

வேகத்தில் பின்தங்கியது தள்ளுவதில் நாலு மடங்குக்கு மேல் இருக்கிறது. பெட்டியில் போடுவது உச்ச அளவு என்பதால் வாசலில் இதில் கொஞ்சம் குறையும். ஆனாலும் இரண்டு கருவிகளை ஒப்பிட்டுப் பார்க்க இந்தக் கணக்கு போதும். என் அனுபவத்தில், விடை 5-க்குக் கீழே வந்தால் அது தூசிக்கு. 8-க்கு மேல் இருந்தால் காய்ந்த வேப்பிலை, புங்கை இலைக்குத் தாராளம். வாதாம், பலா மாதிரி பெரிய இலை என்றால் 12-ஐ ஒட்டிப் பாருங்கள். சில நிறுவனங்கள் நியூட்டன் அளவைத் தாங்களே அச்சிட்டு விடுகின்றன. அப்படி இருந்தால் கணக்குப் போடும் வேலை மிச்சம்.

அலகு மாறியிருந்தால்: சிஎஃப்எம் எண்ணை 35-ஆல் வகுத்தால் கன மீட்டர். மணிக்குக் கி.மீ. எண்ணை 3.6-ஆல் வகுத்தால் நொடிக்கு மீட்டர். மைலாக இருந்தால் முதலில் 1.6-ஆல் பெருக்கிக் கி.மீ. ஆக்கிக்கொள்ளுங்கள். இந்த இரண்டு எண்களில் ஒன்றைக்கூடப் போடாமல் 'டர்போ', 'சூப்பர் பவர்' என்று மட்டும் எழுதியிருந்தால் அந்தப் பெட்டியைக் கீழே வைத்துவிடலாம்.

படி 4: வோல்ட் ரகசியம் சார்ஜரின் முதுகில் இருக்கிறது

லித்தியம் பேட்டரிக்குள் வரிசையாகச் செல்கள் இருக்கும். ஒரு செல் சராசரியாக 3.6 வோல்ட், முழுச் சார்ஜில் 4.2. ஐந்து செல் சேர்ந்தால் சராசரி 18, முழுச் சார்ஜில் 21. ஆக, ஒரு கம்பெனி 18 வோல்ட் என்பதும், இன்னொன்று 20 வோல்ட் மேக்ஸ் என்பதும், மற்றொன்று 21 வோல்ட் என்பதும் ஒரே சரக்குதான்.

சரி, அந்த 198விஎஃப்? அது வோல்ட்டே இல்லை. 48விஎஃப், 88விஎஃப், 198விஎஃப் என்று வாய்க்கு வந்ததைப் போட்ட மலிவு பேட்டரிகளில் சார்ஜரைத் திருப்பிப் பாருங்கள். 'அவுட்புட்' என்ற இடத்தில் 21 வோல்ட் என்று இருந்தால் உள்ளே ஐந்து செல் வரிசை. 42 என்றால் பத்து, அதுதான் 36 அல்லது 40 வோல்ட் என்று விற்பது. 12.6 என்றால் வெறும் மூன்று. என்னுடையதில் 21 என்று இருந்தது.

கொள்ளளவிலும் இதே விளையாட்டு உண்டு. இந்தப் பேட்டரிகளில் அதிகம் போடுவது 18650 என்ற செல், 18 மி.மீ. குறுக்களவு, 65 மி.மீ. நீளம். ஒன்று 45 முதல் 50 கிராம் இருக்கும். கொள்ளளவை ஆம்பியர் ஹவர் என்ற அலகில் போடுவார்கள். நல்ல கம்பெனிச் செல்லே ஏறக்குறைய 3.5 ஆம்பியர் ஹவரைத் தாண்டாது. செல்களை வரிசையாகச் சேர்த்தால் வோல்ட்தான் கூடும், ஆம்பியர் ஹவர் கூடாது. அப்படியென்றால் ஐந்து செல் மட்டும் இருக்கும் பேட்டரியில் '6 ஆம்பியர் ஹவர்' என்று எழுதியிருப்பது நடக்காத கதை. பேட்டரியைச் சமையலறைத் தராசில் வையுங்கள். 300, 350 கிராம்தான் காட்டுகிறது என்றால் உள்ளே ஐந்து செல்தான் இருக்கும். ஐந்தைந்தாக இரண்டு வரிசை, பத்துச் செல் என்றால் செல் மட்டுமே அரைக் கிலோ பக்கம் வரும். தயவுசெய்து பிரித்து மட்டும் பார்க்காதீர்கள், லித்தியம் செல்லில் ஸ்க்ரூ டிரைவர் பட்டால் தீப்பிடிக்கலாம்.

படி 5: எத்தனை நிமிடம் ஓடும்?

வோல்ட்டை ஆம்பியர் ஹவரால் பெருக்கினால் பேட்டரியில் இருக்கும் மொத்தச் சரக்கு, வாட் ஹவரில். 18 × 4 = 72. அதே 72-ஐ 36 வோல்ட், 2 ஆம்பியர் ஹவர் பேட்டரியும் தரும். வோல்ட் இரட்டிப்பாக இருப்பதால் இரு மடங்கு நேரம் ஓடிவிடாது.

ப்ளோயர் 600 வாட் இழுத்தால் 72 வாட் ஹவர் சுமார் 7 நிமிடத்தில் காலி. 200 வாட்தான் என்றால் 21 நிமிடம். ஏழு நிமிடமா என்று மனம் தளர வேண்டாம். விசிறியின் வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் அது இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகிவிடும், வேகம் குறையும்போது தேவை அதன் முப்படியில் (0.8 × 0.8 × 0.8 = சுமார் 0.5) குறைவதுதான் காரணம். அதனால் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ட்ரிகர் இருக்கிற மாடலையே வாங்குங்கள். வெறும் ஆன், ஆஃப் மட்டும் உள்ளது பேட்டரியை வீணாகக் குடிக்கும்.

மோட்டாரில் பிரஷ்லெஸ் என்று இருந்தால் நல்லது. அதே பேட்டரியில் அதிக நேரம் ஓடும், கார்பன் பிரஷ் தேயும் தொல்லையும் இல்லை.

படி 6: 'பாடி மட்டும்தான் சார்'

இணையத்தில் விலை மலிவாகத் தெரிந்தால் 'சோலோ' அல்லது 'பேர் டூல்' என்று எங்காவது பொடி எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். பேட்டரியும் சார்ஜரும் இல்லாத வெறும் கருவி என்று அர்த்தம். இரண்டையும் தனியாக வாங்கினால் கருவியின் விலையையே எட்டிவிடும்.

ஆனால் வீட்டில் ஏற்கெனவே ஒரு பேட்டரி டிரில் இருந்தால் இதுவே லாபம். அதே கம்பெனி, அதே வரிசை ப்ளோயரைச் சோலோவாக வாங்கினால் டிரில் பேட்டரியையே இதிலும் மாட்டலாம். 'அதே வரிசை' என்பதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பாஷில் நீல நிறத் தொழில்முறைக் கருவியின் 18 வோல்ட் பேட்டரி, பச்சை நிற வீட்டுக் கருவியில் சேராது. கடைக்குப் போகும்போது பழைய பேட்டரியைப் பையில் எடுத்துப் போய் மாட்டிப் பாருங்கள்.

வாரண்டி அட்டையில் கருவிக்கு எத்தனை மாதம், பேட்டரிக்கு எத்தனை மாதம் என்று தனித்தனியாகக் கேளுங்கள். முதலில் கெடுவது பேட்டரிதான்.

படி 7: பேட்டரியோடு கையில் பிடித்துப் பாருங்கள்

பெட்டியில் எழுதியிருக்கும் எடை பல நேரம் பேட்டரி இல்லாத எடை. பேட்டரி மாட்டி, கையை மடக்காமல் தொங்கவிட்டுப் பிடித்து, இரண்டு நிமிடம் இடவலமாக வீசிப் பாருங்கள். முனை தானாகத் தரையைப் பார்த்தால் நல்ல சமநிலை. மணிக்கட்டை முறுக்கி முனையைக் கீழே தள்ள வேண்டியிருந்தால் பத்தாவது நிமிடம் கை கடுக்கும். அம்மாவோ மனைவியோதான் பயன்படுத்தப் போகிறார் என்றால் அவரையே கூட்டிப் போங்கள். என்னைப்போல் தான் மட்டும் பிடித்துப் பார்த்துவிட்டு வந்து பேச்சு வாங்க வேண்டாம்.

சத்தத்தையும் கேளுங்கள். சின்ன டஸ்ட் ப்ளோயர் 'கீ' என்று கத்தும், பெரிய குழாய்க்காரன் 'ஹூம்' என்று முனகும். காதுக்கு இரண்டாவதுதான் தேவலை. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் 2022 ஜனவரி முதல் பெட்ரோல் ப்ளோயருக்கே தடை. நம்முடையது பேட்டரி என்றாலும் காலை ஆறு மணிக்கு ஓட்டினால் பக்கத்து வீட்டுக்காரர் சும்மா இருக்க மாட்டார்.

படி 8: முதல் நாள்

கண்ணாடி போடுங்கள், முகக்கவசம் கட்டுங்கள். சின்னக் கல் கண்ணுக்கு வர ஒரு நொடி போதும். காற்று எந்தப் பக்கம் வீசுகிறதோ அந்தப் பக்கமாகவே தள்ளுங்கள். கொடியில் துணி காய்கிறதா, எதிர்வீட்டு வாசலில் கோலம் இருக்கிறதா என்று ஒரு பார்வை. எதிர்வீட்டு மாக்கோலத்தைப் பாதி அழித்த அனுபவம் எனக்கு உண்டு.

முனையைத் தரைக்கு ஒட்டிப் பிடிக்காமல், ஓரடி தள்ளிச் சாய்வாகப் பிடித்து, சுவர் மூலையிலிருந்து நடுவை நோக்கி வாருங்கள். கடைசியில் குவிந்ததை அள்ளுவது நீங்கள்தான், ப்ளோயர் அள்ளாது. குவியலுக்கு நெருங்கியதும் ட்ரிகரை விட்டுவிட்டுத் துடைப்பத்தை எடுங்கள். இல்லாவிட்டால் சேர்த்ததெல்லாம் மறுபடி பறக்கும்.

முடித்த கையோடு சார்ஜ் போடாதீர்கள். பேட்டரி சூடாக இருக்கும். லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சூட்டில் சார்ஜ் செய்யக் கூடாது, சித்திரை வெயிலில் மொட்டைமாடி அறை அந்தச் சூட்டைச் சுலபமாகத் தொடும். அரை மணி நேரம் வீட்டுக்குள் ஆறவிட்டுப் பிறகு போடுங்கள். மரம் துளிர்த்துச் சருகு ஓய்ந்துவிட்டால் பேட்டரியைப் பாதிச் சார்ஜில் கழற்றி, அலமாரியில் நிழலான இடத்தில் வைத்துவிடுங்கள். மறுபடி அது வேண்டியிருக்கும், வாதாம் வருடத்தில் இரண்டு தடவை சிவந்து உதிரும்.