பெயர் தெரியாத புதர்ச்செடியா? வெட்டும் முன் கணுவைப் பாருங்கள்

புது வீட்டுக்குக் குடிவந்த முதல் மாதம், கிளையை ஒடித்தால் பால் வடிந்த ஒரு செடியை அரளி என்று நினைத்து அடியோடு வெட்டிவிட்டேன். வெட்டிய கிளையைக் கையில் எடுத்த பிறகுதான் இலைகள் இரண்டிரண்டாக எதிரெதிரே இருப்பதைக் கவனித்தேன். அரளிக்குப் பெரும்பாலும் ஒரு கணுவில் மூன்று இலைகள் இருக்கும். நான் வெட்டியது நந்தியாவட்டை. இன்றும் அந்த இடத்தைக் கடக்கும்போது மனம் உறுத்துகிறது.

அதனால், இன்னதென்று தெரியும்வரை கத்தரி வேண்டாம்.

படி 1: கணு

பூவுக்குப் பருவம் உண்டு, கணு எப்போதும் இருக்கும். இலைக்காம்பு தண்டில் ஒட்டும் இடம்தான் கணு. அங்கே ஒரே ஒரு இலை மாறி மாறி வருகிறதா (செம்பருத்தி), இரண்டு எதிரெதிராகவா (இட்லிப்பூ, மருதாணி), மூன்றாகவா (அரளி) என்று பாருங்கள். நுனியை மட்டும் பார்க்காமல், கிளையின் நடுவில் நான்கைந்து கணுக்களையாவது பார்க்க வேண்டும்.

படி 2: இலையா, சிற்றிலையா

புதிதாகத் தொடங்குபவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். கறிவேப்பிலையில் நாம் ஒவ்வொன்றாக உருவும் இலைகள் சிற்றிலைகள். முழு இணுக்கும் சேர்ந்துதான் ஓர் இலை. எப்படித் தெரியும்? காம்பு தண்டோடு சேரும் மேல்மூலையில் ஒரு சின்ன மொட்டு இருக்கும். சிற்றிலையின் அடியில் அது இருக்காது. ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் போதும். ஒருமுறை பார்த்துவிட்டால் கண் பழகிவிடும்.

படி 3: தொட்டு, முகர்ந்து

கையுறை போட்டுக்கொண்டு ஒரு இலையைக் கசக்கிப் பாருங்கள். பால் வருகிறதா, என்ன வாசம், தண்டு உருண்டையா சதுரமா? சதுரத் தண்டு, சொரசொரப்பான எதிரிலைகள், கசக்கினால் காட்டமான நெடி, ஒரே கொத்தில் இரண்டு நிறப் பூக்கள் என்று எல்லாம் சேர்ந்திருந்தால் அது உண்ணிச்செடியாக இருக்க வாய்ப்பு அதிகம். எதையும் வாயில் வைத்துப் பார்க்காதீர்கள்.

படி 4: படம்

படத்தைக் காட்டினால் செடியின் பெயரைச் சொல்லும் கைபேசிச் செயலிகளான கூகுள் லென்ஸ், பிளான்ட்நெட் இரண்டும் உதவும். புதர் முழுவதையும் ஒரே படமாக எடுத்தால் பதில் குழம்பும். இலையின் மேல்பக்கம், அடிப்பக்கம், பூ, காய் என்று தனித்தனியாக எடுங்கள். வரும் பெயரை உங்கள் கணுக் குறிப்போடு ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் அந்தப் பெயரை விட்டுவிடுங்கள்.

பெயர் கிடைக்கவே இல்லையா? சரி, ஒரு பூப்பருவம் காத்திருங்கள். செடி காய்ந்ததுபோல் தெரிந்தாலும் நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை இருந்தால் அந்தக் கிளைக்கு உயிர் இருக்கிறது.

படி 5: வைப்பதா, எடுப்பதா

முதல் கேள்வி நஞ்சு. அரளியின் எல்லாப் பாகமும் நஞ்சு. மஞ்சள் அரளியின் விதையும் ஆமணக்கு விதையும் உயிரைப் பறிக்கக்கூடியவை. சிறு குழந்தையோ செல்லப்பிராணியோ உள்ள வீட்டில் இவற்றை எடுத்துவிடுவதே நல்லது என்பது என் உறுதியான எண்ணம். வெட்டிய அரளியை எரிக்கவே கூடாது, புகையும் நஞ்சு.

அடுத்தது பரவும் குணம். உண்ணிச்செடி வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுபோகப்பட்டு, பல நாடுகளில் காட்டையே மூடிய செடி. பழத்தைத் தின்னும் பறவைகள் விதையைத் தூரத்துக்குக் கொண்டுபோய்விடும். தரையோடு வெட்டினால் மறுபடி துளிர்க்கும், மண்ணைத் தோண்டி வேரோடு எடுக்க வேண்டும்.

இந்த இரண்டிலும் சிக்காத செடியென்றால் நான் வைத்துக்கொள்ளவே சொல்வேன். ஒழுங்கில்லாமல் வளர்ந்திருப்பது ஒரு குற்றமல்ல. வேர் பிடித்து நிற்கும் புதருக்கு ஈடாக இன்னொன்று வளரப் பல ஆண்டுகள் ஆகும். முதிர்ந்த தண்டுகளில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் இந்த ஆண்டு அடியில் வெட்டுங்கள், மீதியை அடுத்த இரண்டு ஆண்டுகளில். பூத்து முடிந்த கையோடு வெட்டினால் அடுத்த பருவத்து மொட்டுகள் வீணாகாது.