பனிச்சாலையில் கார் ஏன் நிற்க மறுக்கிறது?

டொராண்டோவில் முதல் குளிர்காலத்தில் கார் ஓட்டப்போகிறீர்களா? முதலில் காரின் கூரையைப் பாருங்கள். இரவில் விழுந்த பனி அங்கே ஒரு சாண் உயரத்துக்குக் கிடக்கும். கண்ணாடியை மட்டும் துடைத்துவிட்டு ஒருநாள் நான் புறப்பட்டேன். முதல் சிக்னலில் பிரேக்கை மிதித்தேன். கார் நின்றது, பனி நிற்கவில்லை. பாளமாக வழுக்கி வந்து முன்கண்ணாடி முழுவதையும் மூடிவிட்டது. வைப்பரால் அதை அசைக்கக்கூட முடியவில்லை.

இதுதான் நிலைமம், இலங்கையில் படித்தவர்களுக்குச் சடத்துவம். ஓடுகிற பொருள், வெளிவிசை தடுக்காதவரை அதே வேகத்தில், அதே திசையில் ஓடும். பிரேக் சக்கரத்தைத்தான் பிடிக்கிறது. காரைப் பிடித்து நிறுத்துவது டயருக்கும் தரைக்கும் இடையிலான உராய்வு. அந்த உராய்வைத்தான் பனி பறித்துக்கொள்கிறது. கார் நின்றாலும் கூரைப் பனி ஓடிவரும் என்பதால், முதல் படி அதை முழுவதும் தள்ளிவிடுவது.

இரண்டாவது, டயர். வெப்பம் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் கோடைக்கால டயரின் ரப்பர் இறுகிப் பிடிமானம் குறையும். பக்கவாட்டில் மலையும் பனித்துகளும் பொறித்த குளிர்கால டயரை மாட்டுங்கள். கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அது சட்டப்படி கட்டாயம்.

மூன்றாவதைத் தவறவே விடாதீர்கள். பனி மூடிய, ஆளில்லாத வாகன நிறுத்துமிடத்துக்குப் போய், அனுமதி கேட்டு, 20 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக்கை அழுத்திப் பாருங்கள். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகிப் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். உள்ள காரில் பிரேக் மிதி காலுக்கடியில் கடகடவென்று அதிரும். பயந்து காலை எடுக்காதீர்கள், அழுத்தியபடியே இருங்கள். எவ்வளவு தூரம் போய் நிற்கிறது என்று இறங்கி நடந்து அளந்து பாருங்கள்.

இப்போது கணக்கு. 50 கிலோமீட்டர் வேகத்தில், பிரேக் பிடித்த பிறகு, உலர்ந்த தார்ச்சாலையில் ஏறத்தாழ 14 மீட்டரில் நிற்கும் கார், வழுக்கும் பனிக்கட்டியில் 100 மீட்டர் வரை ஓடும். வேகத்தை 30 ஆக்கினால் அது 35 மீட்டராகச் சுருங்கும். வேகம் பாதியானால் தூரம் கால்வாசியாகும். நான்கு சக்கர இழுவை உள்ள பெரிய வண்டி என்று நம்பிவிடாதீர்கள். அந்த இழுவை புறப்படத்தான் உதவும், நிற்க உதவாது.

வளைவிலும் இதே கதைதான். கார் நேராகப் போகவே விரும்பும். அதைத் திருப்புவதும் உராய்வுதான். ஆகவே வளைவுக்கு முன்பே, நேர்ச்சாலையிலேயே வேகத்தைக் குறையுங்கள். பாலங்களில் இன்னும் கவனம் தேவை. மேலும் கீழும் குளிர்காற்று படுவதால் அவைதான் முதலில் உறையும். வெறும் ஈரம்போல் தெரிவது கண்ணுக்குப் புலப்படாத பனிக்கட்டியாக இருக்கலாம்.

அப்படியும் பின்பக்கம் வழுக்கினால், ஆக்ஸிலரேட்டரிலிருந்தும் பிரேக்கிலிருந்தும் காலை எடுங்கள். போக வேண்டிய இடத்தைப் பார்த்து, அந்தப் பக்கமே ஸ்டீயரிங்கை மெல்லத் திருப்புங்கள். கார் நேராகத் தொடங்கியதும் ஸ்டீயரிங்கையும் நேராக்கிவிடுங்கள். தாமதித்தால் பின்பக்கம் மறுபுறம் வீசும்.