அம்மன் காசு தேடி ஊருக்குப் போகிறவர்களுக்கு

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பழைய காசு சேர்க்கலாம் என்று நினைத்தால் புதுக்கோட்டையில் தொடங்குங்கள். அந்தச் சமஸ்தானத்தின் அம்மன் காசு சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிதாக இருக்கும். ஒரு பக்கம் உட்கார்ந்த கோலத்தில் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் 'விஜய'. இருபது காசு சேர்ந்தால் ஓர் அணா. நவராத்திரியில் அரிசியோடு இந்தக் காசையும் சேர்த்துத் தானம் கொடுத்திருக்கிறார்கள். முதலில் திருக்கோகர்ணத்தில் அம்மனைக் கும்பிட்டுவிட்டு அங்கேயே உள்ள அரசு அருங்காட்சியகத்துக்குப் போய்விடுங்கள். கண் பழகாமல் கடைக்குப் போகக் கூடாது.

அடுத்தது புதுச்சேரி. பிரெஞ்சுக்காரர்கள் அச்சடித்த 'துது' என்ற செம்புக் காசில் ஒரு பக்கம் லில்லிப் பூ, மறுபக்கம் 'புதுச்சேரி' என்று தமிழிலேயே எழுத்து, அதுவும் வரி வரியாக உடைத்து. முதல்முறை கையில் வாங்கி அந்த எழுத்தைக் கூட்டிப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. டச்சுக்காரர்கள் நாகப்பட்டினத்தில் அடித்ததிலும் தமிழ் உண்டு. தரங்கம்பாடி டேனிஷ் காசும் கிடைக்கும், ஆனால் நல்ல நிலையில் கிடைப்பது அரிது.

வாங்கும்போது லென்ஸ் வைத்துப் பாருங்கள். மேற்பரப்பில் ஊசி குத்தியதுபோல் பொடிப்பொடித் துளைகள், விளிம்பைச் சுற்றி அரத்தால் தேய்த்த கோடு இருந்தால் அது வார்த்தெடுத்த போலி. ராமர், அனுமன் படத்தோடு '1818 கிழக்கிந்தியக் கம்பெனி' என்று போட்ட காசை யார் நீட்டினாலும் தொடாதீர்கள். கம்பெனி அப்படி ஒன்றை வெளியிட்டதே இல்லை. அரிசியை இழுக்கும் காசு என்று லட்சக்கணக்கில் பேசுகிறவன் மோசடிக்காரன், சந்தேகமே வேண்டாம்.

வாங்கிய காசைக் கழுவாதீர்கள். நான் ஒரு துதுவை வாங்கி வந்து மேசையில் வைத்திருந்தேன். மறுநாள் அத்தை அதைக் குத்துவிளக்கோடு சேர்த்துப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கொண்டுவந்து கொடுத்தார். இருநூறு வருஷம் ஏறிய கரும்பழுப்பு நிறம் ஒரே காலையில் போய்விட்டது. பாசத்தில் செய்தவரை என்ன சொல்வது?

இனிதான் முக்கியமானது. இந்தியாவின் 1972ஆம் ஆண்டுப் பழம்பொருள் சட்டப்படி நூறு வயதைத் தாண்டிய காசு பழம்பொருள்தான். அதைத் தனிநபர் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை அந்தக் கணக்கில் வரும், பாட்டியின் அஞ்சறைப் பெட்டியில் கிடைத்ததும்கூட. நூறு வயதாகாதது என்று தெரிந்தாலும் தொல்லியல் துறையிடம் 'பழம்பொருள் அல்ல' என்று சான்று வாங்கிப் பெட்டியில் வையுங்கள். யாழ்ப்பாணத்தில், அதை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகளின் 'சேது' காசு கிடைத்தாலும் தொல்லியல் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் கொண்டுவர இயலாது.

அதனால் என் சேகரிப்பு ஊரில் அண்ணன் வீட்டு பீரோவில் இருக்கிறது. ஒவ்வொரு காசும் தனி உறையில், எங்கே எப்போது வாங்கியது என்ற குறிப்போடு. இங்கே என்னிடம் இருப்பது படங்கள் மட்டும்.

இங்கிலாந்தில் இருப்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. சென்னை மாகாணத்துக்கென்று அடித்த 1808ஆம் ஆண்டு பத்துக் காசு, இருபது காசுகளை இங்கிலாந்திலிருந்து ஏற்றிச் சென்ற 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல் 1809இல் கென்ட் கரைக்கு அப்பால் மூழ்கியது. 1980களில் அவற்றை மேலே எடுத்தார்கள். அந்தக் காசுகள் அங்கேயே கடைகளில் மலிவாகக் கிடைக்கின்றன.