பகல் தூக்கம் நின்ற பிறகும் உங்களுக்கென்று அரை மணி நேரம்

பெரும்பாலான குழந்தைகள் 3 முதல் 5 வயதுக்குள் பகல் தூக்கத்தை விட்டுவிடுவார்கள். அந்த நேரத்தைக் கைவிடாதீர்கள். அதையே தினமும் 'அமைதி நேரம்' ஆக்குங்கள்: குழந்தை ஓர் அறையில் தனியாக அமைதியாக விளையாடட்டும், நீங்கள் ஓய்வெடுங்கள்.

சத்தம் போடாத, உங்கள் உதவி தேவைப்படாத நான்கைந்து சாமான்களை ஒரு பெட்டியில் போடுங்கள்: படப் புத்தகம், கட்டைகள், கிரேயான், தாள். மற்ற வேளையில் இந்தப் பெட்டி கண்ணில் படக்கூடாது, பட்டால் சீக்கிரமே சலித்துவிடும். அலமாரி சுவரோடு இறுகியிருக்கிறதா, விழுங்கக்கூடிய சின்னப் பொருள் கிடக்கிறதா என்று பாருங்கள். கதவு திறந்தே இருக்கட்டும். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருங்கள்.

தண்ணீர், கழிப்பறை எல்லாம் முடித்துவிட்டு டைமரை 5 நிமிடத்துக்கு வையுங்கள். நடுவில் கூப்பிட்டால் வாசலில் நின்று, "மணி அடிச்சதும் வர்றேன்" என்று மட்டும் சொல்லுங்கள். உள்ளே போய் உட்கார்ந்தால் மறுநாளும் கூப்பிடும். மணி அடித்ததும் சொன்னபடி போய்விடுங்கள், அந்த நம்பிக்கையில்தான் எல்லாம் நிற்கிறது. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை 5 நிமிடம் கூட்டி, 30 வரை கொண்டுபோகலாம். விடாமல் அழுதால் உடனே போய் அணைத்துக்கொள்ளுங்கள்; மறுநாள் நேரத்தைக் குறையுங்கள்.

பெரியவர்கள்தான் பெரும்பாலும் இதைக் கெடுக்கிறோம். துணி மடிக்கவும் பாத்திரம் கழுவவும் அந்த அரை மணி போய்விடுகிறது. தயவுசெய்து அந்த வேலைகளைக் மற்ற வேளையில் குழந்தை விளையாடும்போது, அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே செய்யுங்கள். படுக்கவா, படிக்கவா என்று முன்னாலேயே முடிவு செய்து, போனை வேறு அறையில் வையுங்கள்.