அரசியல் ஸ்திரத்தன்மையை நம்பர்ல அளக்கும்போது பண்ணக்கூடாத தவறுகள்

ஒரு நாட்டோட ஆட்சிமுறை நிலைக்குமா கவிழுமான்னு டேட்டா வச்சு படிக்கிறவங்க நிறைய பேர் ஃபைலை டவுன்லோட் பண்ண கையோட ரிக்ரஷன் (ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் உள்ள தொடர்பை அளக்கிற கணக்கு) போட்டுடறாங்க, எந்த எண்ணுக்கு என்ன அர்த்தம்னு சொல்ற கோட்புக்கை யாரும் திறக்கிறதே இல்ல. பெரிய தவறு எல்லாமே அங்கேர்ந்துதான் வருது.

நாடுகளோட ஆட்சிமுறைக்கு வருஷா வருஷம் ஸ்கோர் போடற பாலிட்டி டேட்டாசெட்டையே எடுத்துக்குவோம். முழு சர்வாதிகாரம்னா -10, முழு ஜனநாயகம்னா +10. ஆனா அதே நெடுவரிசைல -66, -77, -88னும் வரும், அதெல்லாம் ஸ்கோர் கிடையாது, நிலைமையைச் சொல்ற அடையாள எண். 2003 படையெடுப்புக்கு அப்புறம் ஈராக் மாதிரி வெளிநாட்டுப் படை பிடியில இருந்தா -66, 1991ல சர்வாதிகாரி சியாட் பாரே விழுந்த பிறகு சோமாலியால நடந்த மாதிரி மத்திய அரசே இல்லாம போனா -77, ஒரு ஆட்சிமுறைலேர்ந்து இன்னொன்னுக்கு மாறிட்டிருந்தா -88. இதை கவனிக்காம ஆவரேஜ் எடுத்தீங்கன்னா, ஒன்பது வருஷம் +6ல இருந்து ஒரே ஒரு வருஷம் -77 விழுந்த நாடு -2.3னு வந்து சர்வாதிகாரம் பக்கம் போய் உக்காந்துடும்.

சரி, அதான் இந்த அடையாள எண்களை மாத்திக் கொடுக்கிற பாலிட்டி2ங்கிற ஸ்கோர் இருக்கேன்னு கேப்பீங்க. அது -77ஐ 0 ஆக்கிடும், -88ஐ முன்ன பின்ன இருக்கிற வருஷத்தை வச்சு நிரப்பிடும். அப்போ அரசாங்கமே இல்லாத சோமாலியா, பாதி ஜனநாயகம் பாதி சர்வாதிகாரமா இருக்கிற நாடுகளோட வரிசைல வந்துடுது, அதுக்கப்புறம் "ரெண்டுங்கெட்டான் ஆட்சிகள்லதான் உள்நாட்டுப் போர் அதிகம்"னு ரிசல்ட் வந்தா அதை எப்படி நம்புறது? 2008ல அரசியல் ஆய்வாளர் ஜேம்ஸ் வ்ரீலண்ட் இதைவிட ஆழமான ஒரு சிக்கலைக் காட்டினார். கோஷ்டி மோதலும் அரசியல் வன்முறையும் பாலிட்டி ஸ்கோர் போடும்போதே உள்ள சேர்ந்துடுது, அதாவது போரை வச்சே போரை விளக்கறோம், அந்தப் பகுதிகளை எடுத்துட்டுப் பாத்தா அந்தத் தொடர்பே நிக்கல. உங்க ரெண்டு வேரியபிள்ளயும் ஒரே விஷயம் ஒளிஞ்சிருக்கான்னு பாக்காம தயவுசெஞ்சு முடிவு எழுதாதீங்க, இந்த மாதிரி முடிவுகளை வச்சு அரசுகள் கொள்கை வகுக்குது.

அடுத்தது, எதோட ஸ்திரத்தன்மைன்னு முடிவு பண்ணாமலே எண்ண ஆரம்பிக்கிறது. இத்தாலில 1946லேர்ந்து 60க்கு மேல அரசாங்கம் மாறியிருக்கு, ஆனா 1948ல நடைமுறைக்கு வந்த அரசியல் சாசனம்தான் இன்னிக்கும். லிபியால கடாஃபி 1969லேர்ந்து 2011 வரைக்கும் ஒரே ஆளு, அவர் போனதும் தாங்கிப் பிடிக்க ஒரு அமைப்பு இல்ல. தலைவர் பதவில இருந்த வருஷத்தை மட்டும் எண்ணினா லிபியாதான் ஸ்திரமான நாடுன்னு வரும்!

உலக வங்கியோட அரசியல் ஸ்திரத்தன்மை குறியீட்டை யூஸ் பண்றவங்க ஒண்ணு கவனிங்க, 2024 வரைக்கும் வந்த பதிப்புகள்ல, சுமாரா -2.5லேர்ந்து +2.5 வரைக்கும் போற அந்த ஸ்கேல்ல ஒவ்வொரு வருஷமும் உலக சராசரியை 0னு வச்சிருப்பாங்க. அதனால உலகம் முழுக்க நிலைமை மோசமானாலும் சராசரி அசையாது, ஒரு நாட்டு ஸ்கோர் ஏறினா மத்த நாடுகளோட ஒப்பிட்டா மேல வந்திருக்குன்னுதான் அர்த்தம்.

எந்த ஆட்சி கவிழும்னு கணிக்கிற மாடலோட துல்லியம் 98 சதவீதம்னு சந்தோஷப்படறதும் வேண்டாம். 160 நாடு, 20 வருஷம்னா, நாட்டுக்கு வருஷத்துக்கு ஒண்ணுன்னு டேட்டால 3,200 வரி, அதுல கவிழ்ந்தது 40னு வச்சுக்கோங்க, "எதுவுமே கவிழாது"ன்னு கண்ண மூடிட்டு சொன்னாலே 98.75 சதவீதம் சரியா வந்துடும். அந்த 40ல எத்தனையைப் பிடிச்சீங்க, எத்தனை தடவை பொய்யா எச்சரிச்சீங்கன்னு தனியா சொல்லுங்க.

கடைசியா ஒண்ணு, இன்னிக்கு இருக்கிற நாடுகள் பட்டியலை வச்சுட்டு பின்னோக்கி டேட்டா சேக்காதீங்க. அப்படிப் பண்ணா சோவியத் யூனியன், யூகோஸ்லாவியா, கிழக்கு ஜெர்மனின்னு நாடே இல்லாம போனதெல்லாம் ஃபைல்லேர்ந்து காணாம போயிடும், நீங்க படிக்க வந்ததே அதைத்தான். பல ஃபைலை ஒண்ணாச் சேக்கிற மெர்ஜ் முடிஞ்சதும் இந்த மூணு நாட்டுப் பேரையும் தேடிப் பாருங்க, இல்லன்னா ரிக்ரஷன் பக்கமே போகாம முதல்ல மெர்ஜை சரி பண்ணுங்க.