கடலூர் வெயிலிலிருந்து வால்பாறை மழைக்காட்டுக்கு: முதல்முறை நடப்பவர்களுக்கு

கத்திரி வெயில் நாளில் கடல்காற்று வரத் தாமதமானால் கடலூரில் மத்தியானம் மூச்சு முட்டும். ஆயிரம் மீட்டர் மேலே ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். வால்பாறை கிட்டத்தட்ட 3,500 அடி, அதாவது ஆயிரம் மீட்டருக்குச் சற்று மேலான உயரத்தில் இருக்கிறது; மரநிழல் அடர்ந்த காட்டுக்குள் இன்னும் குளிரும். மலையேறிப் பழகாதவர்களும் இந்தக் கோடையில் அங்கே நிதானமாக நடந்துவிட்டு வரலாம்.

1. நாளைக் குறைவாகத் திட்டமிடுங்கள்

மூன்று இரவு, ஒரே தங்குமிடம், இரண்டே நடை. அதிரப்பள்ளி, மூணாறு என்று சேர்த்துக்கொண்டே போனால் விடுமுறை வண்டியிலேயே கழிந்துவிடும். என் முதல் பயணம் அப்படித்தான் ஆனது, திரும்பி வந்து இரண்டு நாள் படுத்திருந்தேன்.

2. அனுமதி

இது ஆனைமலைப் புலிகள் காப்பகப் பகுதி, நாமாகக் காட்டுக்குள் இறங்கக் கூடாது. 2024 அக்டோபரில் தமிழக அரசு ‘ட்ரெக் தமிழ்நாடு’ இணையதளத்தை 40 பாதைகளோடு தொடங்கியது. எளிது, மிதம், கடினம் என்று பிரித்திருப்பார்கள். வழிகாட்டி கூடவே வருவார். ஆனைமலைப் பகுதியில் மானாம்பள்ளி, டாப்சிலிப் பண்டாரவரை, ஆழியாறு கால்வாய்க்கரை ஆகியவை இருக்கின்றன. காட்டுத்தீ அபாயமுள்ள மாதங்களில் பாதைகளை மூடிவிடுவார்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். அதனால் ஏப்ரல் கடைசிக்குப் பிறகு, ஜூன் மழைக்கு முன்பாக, பாதை திறந்திருக்கிறதா என்று பார்த்துப் பதிவு செய்யுங்கள். சொந்த வண்டி என்றால் இ-பாஸும் வேண்டும்.

3. கால்களைப் பழக்குங்கள்

மூன்று வாரம் போதும். விடியற்காலையில் தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் அரைமணி நேரம் நடங்கள், கணுக்காலுக்கு நல்ல பயிற்சி. அப்புறம் வாரம் இரண்டு நாள் திருவந்திபுரம் ஹயக்ரீவர் மலைக்குப் போய், அந்த 74 படிகளை ஏறி இறங்குங்கள். இறங்கும்போதுதான் முழங்கால் பேசும், அதைக் கவனியுங்கள். புது ஷூ வாங்கினால் இந்த நாட்களிலேயே போட்டுப் பழகுங்கள்.

4. பை

சீக்கிரம் காயும் முழுக்கைச் சட்டை, மழைக்கோட்டு, தண்ணீர், கடலை மிட்டாய், மாற்றுக் காலுறை. ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயவே காயாது.

5. பயணம்

கடலூரிலிருந்து இரவுப் பேருந்தில் கோவை, அங்கிருந்து பொள்ளாச்சி. அதற்குமேல் 64 கிலோமீட்டர்; ஆழியாறு தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள். காலையில் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். போனதும் அன்று நடக்க வேண்டாம், தூங்குங்கள்.

6. காட்டுக்குள்

ரத்தம் உறிஞ்சும் அட்டைக்குத்தான் எல்லாரும் பயப்படுகிறார்கள், அதனால் அதை விரிவாகச் சொல்கிறேன். வெயில் நாளில் குறைவு, ஒரு மழை பெய்தால் இலைச் சருகிலிருந்து எழும்பி வரும். முழங்கால் வரை வரும் அட்டைக் காலுறை போட்டு, பேன்ட்டை அதற்குள் செருகி, வெளியே புகையிலைத் தூளோ உப்போ தேய்த்துவிடுங்கள். ஒரே இடத்தில் நின்றுகொண்டே இருக்காதீர்கள். ஒட்டிவிட்டால் பிடித்து இழுக்க வேண்டாம். வாய் ஒட்டியிருக்கும் இடத்தில் நகத்தை நுழைத்துத் தள்ளினால் விட்டுவிடும். அதன் எச்சில் ரத்தத்தை உறையவிடாது, அதனால் கொஞ்ச நேரம் கசியும். கழுவி, துணியால் அழுத்திப் பிடியுங்கள். கடி வலிக்காது, அரிப்பு இரண்டு நாள் இருக்கும்.

சரி, இனி மேலே பாருங்கள். வெடிபலா மரத்தில் சோலைமந்தி, அதாவது சிங்கவால் குரங்கு இருக்கலாம்; பிடரிமயிர் வெள்ளி நிறம், மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத குரங்கு. தலைக்குமேல் விசிறி வீசுவது போல் பலத்த இறக்கைச் சத்தம் கேட்டால் அது இருவாச்சிப் பறவை. உடனே நின்று, பேச்சை நிறுத்துங்கள். பத்து நிமிடம் அசையாமல் இருக்கிறவருக்குத்தான் இந்தக் காடு தெரியும், அதற்கு அட்டைக்கடி பட்டாலும் பரவாயில்லை என்பேன்.

மாலை ஆறு மணிக்கு முன்னால் தங்குமிடம் திரும்பிவிடுங்கள். பக்கத்தில் யானை நின்றால் எச்சரிக்க, வால்பாறையில் அங்கங்கே கம்பத்தில் சிவப்பு விளக்கு வைத்திருக்கிறார்கள். அது எரிந்தால் அந்தப் பக்கம் போகவே கூடாது.

அறைக்கு வந்ததும் ஈர ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்து வையுங்கள், காலைக்குள் ஓரளவு காய்ந்திருக்கும். மறுநாள் நடை இல்லை. தேநீர் வாங்கிக்கொண்டு வாசலில் உட்காருங்கள்.